தம்பி பையில் வேப் இருந்தது. இன்ஸ்டாகிராம்தான் காரணமா?

சகோதரி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், பிசகு இருந்தால் திருத்துங்கள். வீடு குடியாத்தம் பக்கம். அம்மா வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். நீங்கள் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்வருகிறீர்கள். பிளஸ் ஒன் படிக்கும் தம்பியின் பையில் மாம்பழ வாசனை அடிக்கும் பென் டிரைவ் மாதிரி ஒன்று கிடைத்தது. அது வேப், அதாவது இ-சிகரெட் என்று கூட வேலை செய்கிறவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டீர்கள். மாடு விடும் விழாவுக்குப் போனவன் அங்கே பீர் குடித்தான் என்றும் காதில் விழுந்திருக்கிறது. ராத்திரி ஒரு மணி வரை இன்ஸ்டாவில் இருக்கிறான், அதில் புகையை வளையம் வளையமாக விடுகிற வீடியோக்கள் ஓடுவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். "போன்ல பார்த்துத்தான் கெட்டானா? போனைப் பிடுங்கிட்டா நின்னுடுமா?" இவை நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகள். எழுதியிருக்கும் விதத்தில் மூன்றாவது ஒன்றும் தெரிகிறது: தம்பி கையை விட்டுப் போய்விட்டானா? மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளர். வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிவதற்கு முன்பிருந்தே இந்தப் பக்கத்தில்தான் வேலை. குடியிலிருந்தும் புகையிலையிலிருந்தும் மீள வருகிறவர்களோடும், அதைவிட அதிகமாக அவர்கள் வீட்டு மனிதர்களோடும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. பள்ளிகளிலும் பேசுகிறேன். நான் மருத்துவர் அல்ல, மருந்து விஷயத்தில் முடிவு சொல்ல மாட்டேன். உங்கள் தம்பியை நேரில் பார்க்காததால் அவனுக்கு இன்னது என்றும் சொல்ல முடியாது. பொதுவாகத் தெரிந்ததையும், எது உறுதி, எது இன்னும் தீராத கேள்வி என்பதையும் பிரித்துச் சொல்ல முடியும்.

சமூக ஊடகத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளிடம் புகை, வேப், குடி மூன்றும் கூடுதலாக இருக்கின்றன. பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது, சந்தேகமில்லை. சந்தேகம் வருவது எதனால் எது என்ற இடத்தில். பிரிட்டனில் 10 முதல் 25 வயது வரையுள்ளவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்த ஆய்வு ஒன்று 2024ல் வெளிவந்தது. சமூக ஊடகமே பயன்படுத்தாதவர்களில் புகைத்தவர்கள் 2 சதவீதம். நாளுக்கு 7 மணி நேரமும் அதற்கு மேலும் அதில் இருந்தவர்களில் ஏறக்குறைய 16 சதவீதம். எட்டு மடங்கு என்று கேட்டால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் 10 வயதுக் குழந்தை போனிலும் குறைவாக இருக்கும், புகைக்கவும் செய்யாது. வளர வளர இரண்டுமே கூடும். அதனால் வயது, ஆணா பெண்ணா, குடும்ப வருமானம், பெற்றோர் புகைக்கிறார்களா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். அப்போது எட்டு மடங்கு மூன்றரை மடங்குச் சொச்சமாக இறங்கியது. மூன்றரை மடங்கும் சாதாரணமில்லை. ஆனால் அந்த மீதியிலும், போன் பிள்ளையைப் புகைக்கு இழுத்ததா, வீட்டில் ஒட்டாமல் வெளியே கூட்டாளிகளோடு திரிகிற பிள்ளை போனிலும் அதிகம் இருந்து புகைக்கவும் செய்ததா என்பது முழுசாகப் பிரியவில்லை. இப்படி ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் வெளிநாட்டில் நடந்தவை. குடியாத்தத்துக்கு அவற்றை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

எத்தனை மணி நேரம் என்பதைவிட அதில் யாரைப் பார்க்கிறான் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கலிபோர்னியாவில் பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2014ல் வந்தது. ஒருவனுக்கு ஆன்லைனில் எத்தனை நண்பர்கள் என்ற எண்ணிக்கைக்கும் அவன் புகைப்பதற்கும் குடிப்பதற்கும் குறிப்பிடும்படியான தொடர்பு இல்லை. நண்பர்கள் குடிப்பதையும் கூத்தடிப்பதையும் படமாகப் போட்டால் அதைப் பார்த்தவனிடம் இரண்டும் கூடியது. நெருங்கிய நண்பர்களில் குடிக்கிறவரே இல்லாத பிள்ளைகளிடம் இந்தப் பாதிப்பு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. அதாவது நேரில் குடியைப் பார்க்காத பிள்ளைக்குப் படம் அதிகமாக உறைக்கிறது. அவன் கண்ணுக்கு முன்னால் "நம்ம வயசுக்காரன் செய்கிறான்" என்பதை முதலில் கொண்டுவந்து நிறுத்துவது அந்தப் படம்தான்.

அம்மாவோடு ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் இதை எனக்குக் கண்ணெதிரே காட்டினான். அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். அம்மா வெளியே போனதும் போனைத் திறந்து, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் மூக்கு வழியாகப் புகை விடுகிற ரீல்ஸை விரலால் தள்ளிக்கொண்டே போனான். "இதெல்லாம் சும்மா சார், டைம் பாஸ்." ஒன்றிலும் இரண்டு விநாடிக்கு மேல் நிற்கவில்லை. பிறகு பச்சை வட்டம் போட்ட ஒரு ஸ்டோரியைத் தொட்டான். பச்சை வட்டம் என்றால் போட்டவன் 'குளோஸ் பிரண்ட்ஸ்' என்று தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் தெரியும், 24 மணி நேரத்தில் மறைந்தும் போகும். டியூஷன் மாடிப்படி, மங்கலான வெளிச்சம், பள்ளிப் பேண்ட் மடிப்பு தெரிகிறது, ஒரு கை, கைக்குள் வேப், இழுக்கும்போது அடியில் நீல விளக்கு எரிகிறது. முகம்கூடத் தெரியவில்லை. அதில் மட்டும் அவன் விரல் நின்றுவிட்டது. "இவன் என் பெஞ்ச் சார். அந்தக் குரூப்ல நான் மட்டும்தான் இன்னும் போடல." வெளிநாட்டுக்காரர் லட்சம் பேருக்குக் காட்டிய வித்தை அவனைத் தொடவில்லை. பக்கத்து இருக்கைப் பையனின் முகமில்லாத கை தொட்டது. உங்கள் தம்பியின் போனில் ஓடிய புகை வளைய வீடியோவைவிட, உங்கள் கண்ணில் படாத பச்சை வட்டங்களுக்காகத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

லைக் எண்ணிக்கைக்கும் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்காவில் 2016ல் வெளியான ஒரு சிறிய பரிசோதனையில் 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் படங்களைக் காட்டினார்கள். நிறைய லைக் வாங்கிய படத்துக்கே பிள்ளைகளும் லைக் போட்டார்கள், அது சிகரெட், குடி சம்பந்தப்பட்ட படமாக இருந்தாலும் சரி. அப்படிப்பட்ட படங்களைப் பார்க்கும்போது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்திருந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் முப்பத்துச் சொச்சம் பேர்தான், அதை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகக் கூடாது. ஆனால் பத்துப் பேர் கைதட்டினால் தப்பும் தைரியமாகத் தெரியும் என்பது பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பழகிய எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

திரைப்பட விஷயத்தில் மட்டும் ஆராய்ச்சி இதைவிடக் கெட்டியாக நிற்கிறது. படங்களில் புகைப்பதைப் பார்ப்பது இளையவர்கள் புகைக்கத் தொடங்க ஒரு காரணமாகவே அமைகிறது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012 அறிக்கை முடிவு சொன்னது. நம் நாட்டிலும் 2012 முதல் திரையரங்கில் எச்சரிக்கை வாசகம் போடுகிறார்கள், 2023ல் அதை ஓடிடிக்கும் நீட்டித்தார்கள். ஆனால் தனிமனிதர்கள் போடும் ரீல்ஸ் அந்த விதிக்குள் வருவதில்லை. நடிகர் வாயில் சிகரெட் வைத்தால் கீழே எழுத்து ஓடும், தெருக்கோடி அண்ணன் வேப் இழுத்தால் பின்னணியில் பாட்டு ஓடும். இந்த ஓட்டையை அடைக்க வேண்டியது அரசும் நிறுவனங்களும். அந்தப் பாரத்தை ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளியின் தலையில் வைப்பது நியாயமில்லை.

இனி போன் மேல் போட முடியாத பழியைச் சொல்ல வேண்டும். 2019ல் இந்தியாவில் 13 முதல் 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், பீடியைத் தொட்டவர்களில் 47 சதவீதம் பேர் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொட்டிருக்கிறார்கள். வாயில் அதக்கும் புகையிலையில் இது 52 சதவீதம். இன்ஸ்டாகிராமில் சேரவே 13 வயதாக வேண்டும். ஆக இவர்களில் பெரும்பாலோர் கற்றுக்கொண்டது ரீல்ஸில் அல்ல, வீட்டிலும் தெருவிலும் பெட்டிக்கடையிலும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2009ல் இதே வயதுப் பிள்ளைகளில் புகையிலை பயன்படுத்தியவர்கள் 14.6 சதவீதம், 2019ல் 8.5 சதவீதம். ஸ்மார்ட்போன் வீட்டுக்கு வீடு நுழைந்த அதே பத்தாண்டில் இது குறைந்திருக்கிறது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் வேப் இழுத்தவர்கள் 2019ல் 27.5 சதவீதம், 2024ல் 7.8 சதவீதம். அங்கே யாரும் போனைக் கீழே வைத்துவிடவில்லை. போன் கையில் இருந்தால் பழக்கம் வந்தே தீரும் என்றில்லை, சட்டமும் விலையும் பள்ளியும் வீடும் சேர்ந்தால் இறக்க முடிகிறது என்பதைத்தான் இந்த எண்களிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா பீடி சுற்றுவதைக் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். கூச ஒன்றுமில்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் முறத்தில் இலையும் தூளும் வைத்துக்கொண்டு அம்மா சுற்றிய பீடியில்தான் பிள்ளைகளின் படிப்பு நடந்திருக்கிறது. அதனால்தான் தம்பி வேப் இழுக்கிறான் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சொல்லப்போனால் புகையிலைத் தூளால் இருமுகிற அம்மாவைப் பக்கத்தில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சிலர் அதை வெறுத்து ஒதுங்குவதையும் பார்த்திருக்கிறேன். வேப்புக்கும் பீடிக்கும் பிள்ளைகள் மனதில் சம்பந்தமே கிடையாது. பீடி தாத்தா காலத்து விஷயம். வேப் மாம்பழம், புதினா, கலர் விளக்கு. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் அதே நிக்கோடின் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மா சொன்னால் அது எடுபடும். அந்தத் தூளைப் பற்றி அந்த வீட்டில் அவரைவிடத் தெரிந்தவர் யார்?

பீர் சமாச்சாரத்தில் போனின் பங்கு சின்னது என்றே நினைக்கிறேன். தை, மாசியில் நம் பக்கம் மாடு விடும் விழா களைகட்டும்போது ஒவ்வொரு காளைக்கும் ஒரு இன்ஸ்டா பக்கம் இருக்கிறது, வாடிவாசலிலிருந்து கிளம்பிய மாடு கோட்டைத் தாண்டுவதற்குள் வீடியோ ஏறிவிடுகிறது. அதன் ஓரத்தில் பாட்டிலைத் தூக்கிக் காட்டும் அண்ணன்களும் வருவார்கள். ஆனால் 16 வயதுப் பையன் கையில் பீரைக் கொடுத்தது போன் அல்ல, ஒரு பெரிய ஆள். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும், டாஸ்மாக் கடைக்கு உள்ளே போய் யாரோ வாங்கித் தந்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். "ஒரு வாய் குடிடா, ஆம்பளைதானே" என்று சித்தப்பாவோ பங்காளி அண்ணனோ நீட்டினாலும் சட்டம் அதே சட்டம்தான். அப்பாவைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை, நானும் துருவவில்லை. வீட்டில் குடிக்கிற பெரியவர் இருந்தால் மட்டும், தம்பியைத் திருத்தும் பேச்சு அவரையும் சேர்த்து உட்காரவைத்து நடக்க வேண்டும். குடிக்கிற கையால் பிள்ளைக்கு அறிவுரை சொன்னால் அது எடுபடாது.

வேப்பில் அப்படியில்லை, அதில் போன் பெரிய பங்காளி. பெட்டிக்கடையில் சிகரெட் தொங்கும், ஒளித்துக் கேட்டால் கூல் லிப்பும் ஹான்ஸும் கிடைக்கும். வேப்பைப் பெரும்பாலும் அப்படி வைத்திருக்க மாட்டார்கள். 2019ல் இந்தியா முழுவதும் இ-சிகரெட்டைத் தடை செய்துவிட்டார்கள். தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்க, விளம்பரம் செய்ய எதற்கும் அனுமதியில்லை. முதல் தடவை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், மறுபடி பிடிபட்டால் 3 ஆண்டு சிறையும் 5 லட்சம் அபராதமும் வரை போகும். அதனால் விற்பனை போனுக்குள் போய்விட்டது. 2023ல் மத்திய சுகாதார அமைச்சகம் 15 இணையதளங்களுக்கு விற்பனையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்ப வேண்டிவந்தது. பிள்ளைகள் என்னிடம் சொல்வது இன்னும் எளிய வழி: ஒரு இன்ஸ்டா பக்கத்துக்கு மெசேஜ், அங்கிருந்து டெலிகிராம், ஜிபேயில் பணம், கூரியரில் பொட்டலம். இல்லையென்றால் காலேஜ் படிக்கும் ஒரு அண்ணன் மொத்தமாக வாங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டாக விற்பது. அந்த ஒரு பொருளை நாலு பேர் காசு போட்டு வாங்கிச் சுற்றிச் சுற்றி இழுப்பார்கள். ஆகவே தம்பியிடம் "எங்கே பார்த்தாய்" என்று கேட்பதைவிட "யார் கொடுத்தது, காசு எப்படிப் போனது" என்று கேட்பது பயன் தரும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. போனைப் பிடுங்காதீர்கள். ஆய்வு ஒன்றைக் காட்டி இதைச் சொல்லவில்லை, குடும்பங்களோடு உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். பிடுங்கின வீட்டில் மறுநாளே கூட்டாளியின் பழைய போன் வந்துவிடுகிறது, இன்னொரு பெயரில் கணக்கும் வந்துவிடுகிறது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வரும் வீட்டுப்பாடம் மட்டும்தான் நின்றுபோகும். நிக்கோடின் அடங்காத உடம்போடு போனும் இல்லாமல் பையன் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வெளியே போவான், வெளியே யார் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி மட்டும் கறாராக இருங்கள். பத்து மணிக்கு வீட்டில் எல்லாருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, அடுக்களைப் பக்கம் ஒரே பிளக்கில் சார்ஜில் போகட்டும். அவனுக்கு மட்டும் என்றால் அது தண்டனை, எல்லாருக்கும் என்றால் வீட்டு வழக்கம்.

பகலில் ஒரு அரை மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சோதனை போடுகிற தோரணை இல்லாமல், "என்னடா வருது உனக்கு, காட்டு" என்று கேளுங்கள். புகை, சரக்கு வீடியோ வந்தால் அதை அழுத்திப் பிடித்து 'விருப்பமில்லை' கொடுக்கச் சொல்லுங்கள். எதில் எவ்வளவு நேரம் கண் நிற்கிறதோ அதை வைத்துத்தான் அடுத்தது வருகிறது, சில நாள் விடாமல் தள்ளினால் வருவது மாறும். கணக்கில் பிறந்த வருடம் என்ன போட்டிருக்கிறான் என்றும் பாருங்கள். 2025 முதல் இந்தியாவிலும் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு 'டீன் அக்கவுண்ட்' என்று தனிக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறார்கள், ராத்திரி 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகளும் அடங்கியிருக்கும். வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் எதுவும் வேலை செய்யாது, பெரியவர்களுக்கான விளம்பரமும் வந்து விழும். 16 ஆனவர்கள் சிலவற்றைத் தாங்களே தளர்த்திக்கொள்ள முடியும் என்பதால் இதையே முழுதாக நம்பவும் வேண்டாம். பச்சை வட்டத்தைக் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அது அவன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுப்பது மாதிரி அவனுக்குப் படும், அதோடு பேச்சு நின்றுவிடும். "உன் கூட்டத்துல யாரெல்லாம் இழுக்கல?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவன் யோசிப்பான். இழுக்காதவர்கள் படம் போடுவதில்லை, அதனால் எல்லாருமே இழுப்பதாக அவனுக்குத் தோன்றியிருக்கும். 2019 கணக்கெடுப்பில் 13 முதல் 15 வயதில் இ-சிகரெட்டை ஒரு முறையாவது தொட்டவர்கள் 2.8 சதவீதம்தான். இப்போது கூடியிருக்கலாம், ஆனாலும் தொடாதவர்களே மிகப் பெரும்பான்மை.

அந்தக் கருவியை வீட்டில் வைத்திருக்க வேண்டாம், அதைச் சேமித்துவைப்பதும் சட்டப்படி குற்றம். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, அடுப்பிலோ குப்பை எரிக்கிற இடத்திலோ போடாதீர்கள். திரவம் சின்னக் குழந்தை வாயில் பட்டால் ஆபத்து. பாட்டரி, மின்கழிவு வாங்குகிற இடத்தில் சேர்த்துவிடுங்கள். மேலே 2 சதவீதம், 5 சதவீதம் என்று நிக்கோடின் அளவு எழுதியிருந்தாலும் நம்ப முடியாது, தடை செய்த பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து விற்பனைக்கு விடும் ஏற்பாடே இங்கே இல்லை. 2019, 2020ல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் கெட்டு 2,800க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பங்கு கஞ்சாச் சத்து கலந்த, கள்ளத்தனமாக விற்ற குப்பிகளால் வந்தது. தம்பி கையில் இருந்தது அதே ரகம் என்று சொல்லவில்லை. எங்கே செய்தது, யார் நிரப்பியது என்று தெரியாத பொருள் எப்படி முடியும் என்பதற்குச் சொல்கிறேன்.

அவனுக்கு நிக்கோடின் பிடித்துவிட்டதா என்பதைச் சில கேள்விகளில் ஓரளவு கண்டுபிடிக்கலாம். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் வேண்டும் என்று தோன்றுகிறது? அது இல்லாத நாளில் எரிச்சல், தலைவலி, பாடத்தில் மனம் நிற்காமை வருகிறதா? நிறுத்தப் பார்த்து முடியாமல் போயிருக்கிறதா? எழுந்த அரை மணி நேரத்துக்குள் கை தேடினால் அது விளையாட்டு அல்ல. இந்த வயதில் தினமும் இழுத்தால்தான் அடிமையாவார்கள் என்றில்லை, விட்டு விட்டு இழுத்த பிள்ளைகளிடமும் அடிமைத்தனத்தின் அறிகுறி வருகிறது. மூளை இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டிருப்பதால் நிக்கோடின் அதில் சீக்கிரம் தடம் பதிக்கிறது. நிறுத்தினால் முதல் மூன்று நாள்தான் கடுமை. கோபம், தூக்கமின்மை, பசி எல்லாம் வரும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாக அடங்கும். அந்த நாட்களில் அவன் எதையாவது தூக்கி எறிந்தால் திமிர் என்று அடித்துவிடாதீர்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரத்தில் தொடங்காமல் லீவு நாளில் தொடங்குங்கள். மருந்துக் கடையில் நிக்கோடின் சூயிங்கம் கிடைக்கும், 18 வயதுக்குக் கீழுள்ளவனுக்கு மருத்துவர் சொல்லாமல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

தம்பி கையை விட்டுப் போய்விட்டானா என்றால், நீங்கள் எழுதியதை வைத்து அப்படித் தெரியவில்லை. பள்ளிக்குப் போகிறான், வீட்டில் சாப்பிடுகிறான், அக்காவோடு பேசுகிறான். இழுத்துப் பார்க்கிற பிள்ளைகள் எல்லாரும் அதிலேயே நின்றுவிடுவதில்லை. குடியைத்தான் இன்னும் கவனிக்கச் சொல்வேன். அமெரிக்காவில் 1990களில் எடுத்த பெரிய கணக்கெடுப்பில் 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிநோயாளி ஆகியிருந்தார்கள், 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்கியதே காரணமா, ஏற்கெனவே சிக்கலில் இருந்த பிள்ளைகள் சீக்கிரம் தொடங்கினார்களா என்று இங்கேயும் அதே கேள்வி தீரவில்லை. ஆனால் தள்ளிப்போட்ட ஒவ்வொரு ஆண்டும் லாபம் என்று எடுத்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. காசு காணாமல் போவது, மார்க் சட்டென்று சரிவது, பழைய நண்பர்கள் யாரும் வீட்டுக்கு வராமல் போவது, தனியாக உட்கார்ந்து குடிப்பது, "வாழவே பிடிக்கல" என்ற பேச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. பாகாயம் என்றதும் நம் ஊரில் பேச்சே மாறும், அந்தப் பயத்தால் பலர் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இந்த வயதுப் பிள்ளைகளை அங்கே உட்காரவைத்துப் பேசுவார்கள், அவ்வளவுதான். முதலில் வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் 14416 டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். புகையிலையை விட உதவும் எண் 1800-112-356. விற்கிற ஆள் பிள்ளையை மிரட்டினாலோ கடன் வைத்துத் துரத்தினாலோ குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். பள்ளியில் முதலில் தலைமை ஆசிரியரிடம் போகாமல், அவனுக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவரிடம் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள், டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கும் இருக்கும்.

இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு லீவு என்றால் அன்றைக்கே பேசுங்கள், ஆனால் மற்றவர்கள் எதிரில் வேண்டாம். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் அவனுக்கு அது வேண்டியிருக்கிறது, காசு யாருக்குப் போகிறது, இந்த இரண்டுக்கு மட்டும் பதில் தெரிந்துகொண்டு மறுபடி இங்கே எழுதுங்கள். அதை வைத்து மருத்துவரிடம் உடனே போக வேண்டுமா, வீட்டிலேயே தொடங்கலாமா என்று சொல்கிறேன்.